மூக்கில்லாத வண்டி

கங்னுங் டவுன் பெரியாஸ்பத்திரியில் ஐந்தாம் மாடி, கடைசி அறை. கதவில் ஒட்டியிருந்த நம்பரை யாரும் சொல்வதில்லை. நர்சுப் பிள்ளைகள் தங்களுக்குள் அதை 'முட்டி ரூம்' என்று சொல்லிக்கொண்டார்கள். ஆறு கட்டில். அதில் நாலு கட்டிலில் படுத்திருந்தவர்கள் ஒரு டன் லாரி ஓட்டுகிறவர்கள். ஓட்டிக்கொண்டிருந்தவர்கள் என்று சொல்வதுதான் சரி.

யுன்சிம் அங்கே வந்து இருபத்திரண்டு நாளாகிவிட்டது. புருஷன் மன்ஹோவின் கட்டிலுக்கு அடியில் இழுத்தால் வருகிற பெஞ்சு ஒன்று உண்டு. கூட இருக்கிறவர்கள் படுக்க அதுதான். புரண்டால் தரை. அதில் படுத்துப் படுத்து அவளுடைய இடுப்பு வேறு யாருடையதோ மாதிரி ஆகிப்போனது. ஐம்பத்து நாலு வயசு வரைக்கும் மலைச்சரிவில் குனிந்து கோஸ் அறுத்த இடுப்பு அது. அங்கே வராத வலியெல்லாம் இங்கே சும்மா உட்கார்ந்திருந்ததில் வந்து சேர்ந்தது.

மன்ஹோவுக்கு வலது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. இடது காலில் கம்பிகள் சதைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. காலையில் நர்சு வந்து கம்பி போகிற ஓட்டையெல்லாம் துடைக்கும்போது அவன் பல்லைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்ப்பான். யுன்சிம் ஜன்னலைப் பார்ப்பாள். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் கடல் தெரியும். ஒருநாளாவது அதைக் கடல் என்று நினைத்து அவள் பார்த்ததில்லை.

பக்கத்துக் கட்டில் முட்டைக்காரர். ஒலிபெருக்கி கட்டின லாரியில் தெருத்தெருவாக முட்டை விற்றவர். இரண்டு முட்டியும் நொறுங்கி மூன்று மாதமாகிறது. அவர் குரல் மட்டும் இன்னும் ஒலிபெருக்கியில் வருகிற மாதிரியே இருக்கும்.

"மூக்கு வச்ச வண்டின்னா, மோதுனா மொதல்ல மூக்கு நசுங்கும். அப்புறம் இஞ்சின் நசுங்கும். அதுக்கப்புறந்தான் ஆளு," என்பார். "நம்ம வண்டிக்கு மூக்கு ஏது? இஞ்சினு நம்ம குண்டிக்குக் கீழ. முன்னாடி ஒரு தகரம், அதை ஒட்டுனாப்புல நம்ம முட்டி. நம்ம வண்டிக்குப் பம்பரே நம்ம முட்டிதான்யா."

"தெரிஞ்சுதானே ஏறுனீக?" அவர் பெண்சாதி வெள்ளரிக்காயைத் துண்டு போட்டுக்கொண்டே கேட்பாள்.

"தெரியாமயா? முப்பது வருசமாத் தெரியும். மூக்குக்குன்னு ரெண்டு முழம் விட்டா, அந்த ரெண்டு முழத்துல அறுபது தட்டு முட்டை ஏறுமேடி. சந்து பொந்துல திரும்ப முடியுமா அந்த மூக்கை வச்சுக்கிட்டு? உன்னைக் கட்டிக்கிட்டதும் தெரிஞ்சுதான்."

அறையே சிரிக்கும். மன்ஹோ சிரிக்க மாட்டான். முட்டைக்காரர் விட மாட்டார்.

"மன்ஹோ தம்பி, உன்னை மோதுனது என்ன வண்டி? பெரிய கறுப்பு வண்டிதானே? அவனுக்கு ஒண்ணும் ஆகலையாமே?"

"கழுத்துல பெல்ட்டு உரசுன சிராய்ப்பு," என்பான் மன்ஹோ, கூரையைப் பார்த்தபடி.

"பாத்தியா! அவனுக்குச் சிராய்ப்பு, உனக்குக் காலு."

அந்தக் கறுப்பு வண்டிக்காரன் வேறு யாருமில்லை, தல்சு. சொல்ஜே ஊரில் மன்ஹோ வீட்டுக்கு நாலு வீடு தள்ளி. மன்ஹோவைவிட மூன்று வயசு சின்னவன், ஒரே பள்ளிக்கூடத்துக்கு நடந்து போனவன், இன்றுவரை 'அண்ணே' என்றுதான் கூப்பிடுவான். ஐந்து வருஷத்துக்கு முன்னால் தல்சுவின் தம்பி முள்ளங்கி லோடு ஏற்றிக்கொண்டு போய், நின்றிருந்த டிரெய்லரின் பின்னால் மோதி, உட்கார்ந்த இடத்திலேயே போய்விட்டான். அவனுடையதும் மூக்கில்லாத வண்டிதான். அந்தக் காரியம் முடிந்த மறுவாரமே தல்சுவின் பெண்சாதி, யொங்வொல் ஊரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்ததால் ஊரே யொங்வொல்காரி என்று கூப்பிடுகிறவள், ஒற்றைக்காலில் நின்று தங்கள் லாரியை விற்க வைத்தாள். அதற்குப் பதிலாக வாங்கினதுதான் அந்தக் கறுப்பு வண்டி. பாறாங்கல் மாதிரி முன்மூக்கு. கதவைச் சாத்தினால் வெளிச்சத்தம் கேட்காது.

ஊர் சிரித்தது. கோஸ் விற்கிறவனுக்கு மந்திரி கார் எதற்கு என்று கேட்டது. எல்லாரையும்விட அதிகமாகக் கேலி பண்ணினவன் மன்ஹோதான். வழியில் அந்த வண்டியைக் கண்டால் லாரியை ஓரம் கட்டி நிறுத்தி விறைப்பாக சல்யூட் வைப்பான். தல்சுவும் சிரித்துக்கொண்டு போய்விடுவான். லாரியை விற்ற பிறகு தல்சு கொல்லைக் கோஸ் மன்ஹோவின் லாரியில்தான் மலையிறங்கியது. அதற்கு ஈடாகத் தல்சுவும் யொங்வொல்காரியும் மன்ஹோவின் கொல்லையில் இரண்டு நாள் கூடுதலாக வேலை செய்தார்கள். அந்த ஊரில் எல்லாமே அப்படித்தான். உன் கொல்லைக்கு நான், என் கொல்லைக்கு நீ என்று முறை வைத்துச் செய்கிற வேலை. முறைவேலை என்பார்கள். கூலிக்கு ஆள் கிடைக்காத மலையில் அது இல்லாவிட்டால் ஒரு கோஸ்கூடக் கீழே வராது.

மாட்டுக்கொம்பு வளைவில்தான் அது நடந்தது. மேட்டுக் கொல்லைகளிலிருந்து இறங்குகிற ரோட்டில், ஒருபக்கம் பாறை, ஒருபக்கம் பள்ளம், நடுவில் கொம்பு மாதிரி வளைந்த இடம். பாரத்தோடு வருகிற லாரி அங்கே பிரேக் பிடித்தால் பாரம் ஒருக்களித்துச் சாயும். அதனால் சொல்ஜே ஊர்க்காரர்கள் அங்கே பிரேக் பிடிப்பதில்லை. வளைவுக்கு முன்னாலேயே இரண்டு தடவை ஹாரன் அடிப்பார்கள். அடித்துவிட்டு ரோடு மொத்தத்தையும் எடுத்துக்கொண்டு, எதிர்ப்பக்கமும் ஏறி, அகட்டி வளைத்து இறங்குவார்கள். கீழேயிருந்து வருகிறவன் ஹாரன் கேட்டதும் பாறையோரம் ஒதுங்கி நின்றுவிட வேண்டும். நாற்பது வருஷமாக அதுதான் முறை. வெளியூர்க்காரன் அந்த ரோட்டுக்கு வரவும் மாட்டான்.

அன்றைக்கு மன்ஹோ முதல் அறுப்புக் கோஸோடு இறங்கினான். தல்சு டவுனிலிருந்து ஏறினான். மன்ஹோ ஹாரன் அடித்தது கொல்லையில் இருந்த எல்லாருக்கும் கேட்டது. தல்சு நிற்காமல் ஏறி வந்துவிட்டான் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. ஜன்னலைச் சாத்திக்கொண்டு பாட்டுக் கேட்டுக்கொண்டு வருகிற துரைக்கு எங்கே ஹாரன் கேட்கப் போகிறது? தல்சுவும் வாயைத் திறக்கவில்லை. போலீசிடமும் இன்சூரன்ஸ்காரனிடமும், "என் தப்புதான், நான் நிக்கலை," என்று அவன்தான் சொன்னான். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக்கு வந்து, அறைக்குள் வராமல் தாழ்வாரத்தில் ஒரு மணி நேரம் நின்றுவிட்டுப் போனான். யுன்சிம் அவனைப் பார்த்தாள், உள்ளே வா என்று சொல்லவில்லை. பத்தே நாளில் அவன் வண்டி முன்பம்பரும் விளக்கும் மாற்றிக்கொண்டு புதுசு மாதிரி திரும்பி வந்ததைப் பார்த்ததும் ஊருக்கு இன்னும் வயிறு எரிந்தது.

திங்கட்கிழமை மத்தியானம் யொங்வொல்காரி ஆஸ்பத்திரிக்கு வந்தாள். கையில் உருளைக்கிழங்கு அடை மடித்த பொட்டலம். கதவோரம் நின்று கண்ணாலேயே யுன்சிமைக் கூப்பிட்டாள். இரண்டு பேரும் தாழ்வாரக் கடைசியில் வெந்நீர் மெஷினுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்கள்.

"அக்கா, சண்டை போட வரலை."

"சண்டை போடத் தெம்பு யாருக்கு இருக்கு? உக்காரு."

"புதன்கிழமை உங்க கொல்லை. வியாழக்கிழமை எங்களுது வரணும். பன்சொக் அண்ணன் சொல்லி அனுப்பிட்டாக, எங்க கொல்லைக்கு யாரும் வர மாட்டாகளாம். வியாழக்கிழமையும் உங்களுக்கேதானாம். வெள்ளிக்கிழமை மழை இறங்குது. ஒரு வாரத்துக்கு விடாதாம்." யொங்வொல்காரி மூக்கை உறிஞ்சினாள். "ஏற்கெனவே வெக்கையில குருத்து குழைய ஆரம்பிச்சிருச்சுக்கா. மழையும் விழுந்தா அம்புட்டும் கூழு."

யுன்சிமுக்கு அது தெரியும். முறைவேலைக்குத் தலைவராக இருக்கிற பன்சொக் போன வாரமே போனில் சொன்னார்: 'நீ கவலைப்படாத ஆத்தா, உன் கொல்லை முழுசும் நாங்க எறக்கித் தர்றோம். அவன் கொல்லை எக்கேடும் கெடட்டும்.' அதற்கு அவள் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அழுதாள், அவ்வளவுதான்.

"நான் என்னடி செய்ய?" என்றாள் இப்போது.

யொங்வொல்காரி செல்போனை எடுத்தாள். "இது எங்க வண்டி கேமராவுல இருந்தது. எங்க வீட்டுக்காரருக்குத் தெரியாம எடுத்து வச்சேன். இன்சூரன்ஸ்காரன் கேட்டதுக்கு, கேமரா கெட்டுப் போச்சுன்னு பொய் சொல்லிட்டாக. நடந்ததை யாருகிட்டயும் சொல்லக் கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கியிருக்காக. உங்களைத் தவிர ஒருத்தருக்கும் காட்டலை."

படம் சின்னதாக ஓடியது. கண்ணாடிக்கு வெளியே ரோடு, பாறை. உள்ளே ஏதோ பழைய பாட்டு. பாட்டுக்கு அடியில் மெலிசாக இரண்டு ஹாரன். உடனே பாட்டு நின்றது. வண்டி பாறையோரம் ஒதுங்கி நின்றது. தல்சுவின் குரல், 'அண்ணன் வர்றாரு' என்றது. அப்புறம் ஒன்றுமே நடக்கவில்லை. பாறையில் ஒரு காட்டுக்கொடி காற்றில் ஆடுவது மட்டும் தெரிந்தது. யுன்சிம் மனசுக்குள் எண்ணினாள். பதினொன்று எண்ணுவதற்குள் வளைவில் லாரி வந்தது. நாலு அடுக்குப் பாரம். மூன்றுக்கு மேல் ஏற்றாதீர்கள் என்று அவள் எத்தனை தடவை சொல்லியிருப்பாள். சாய்ந்துகொண்டே வந்த லாரி, நின்ற வண்டியைப் பார்த்து நேராக வந்தது. கண்ணாடிக்குப் பின்னால் மன்ஹோவின் முகம் தெரிந்தது. அவளுக்குத் தெரிந்த முகமாக அது இல்லை.

"நின்னுக்கிட்டு இருந்திருக்காக," என்றாள் யுன்சிம்.

"நின்னுக்கிட்டுத்தான் இருந்தாக. ஏன்யா சொல்ல மாட்டேங்குறன்னு கேட்டேன். 'அண்ணனுக்குக் கால் போச்சு, எனக்கு ஒரு எலும்புகூட முறியலை. இந்த முழு ஒடம்பைத் தூக்கிக்கிட்டுப் போய் நான் நின்னுக்கிட்டுத்தான் இருந்தேன்னு எப்படிச் சொல்றது?'ங்குறாக. அன்னையிலேருந்து ஸ்டீயரிங்கைத் தொடலை. சோறு இறங்கலை." அவள் செல்போனைப் பைக்குள் வைத்தாள். "ஊருக்குச் சொல்லுங்கன்னு உங்களைக் கேக்க எனக்கு நாக்கு வராதுக்கா. உங்க நெலமை இப்படிக் கெடக்கு. ஆனா காட்டாம இருக்கவும் முடியலை."

அடைப் பொட்டலத்தை யுன்சிம் மடியில் வைத்துவிட்டு அவள் போய்விட்டாள்.

சாயங்காலம் மன்ஹோவுக்குக் கடற்பாசி ரசத்தில் சோற்றைக் கரைத்து ஊட்டினாள். நாலு வாய் வாங்கினதும் அவள் கேட்டாள்.

"அன்னைக்கு நடந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கா?"

"இல்லைன்னுதான் டாக்டர்கிட்டயே சொன்னேனே."

"டாக்டர்கிட்ட சொன்னீக. நான் உங்க பொண்டாட்டி."

அவன் வாயைத் துடைத்துக்கொண்டான். பக்கத்துக் கட்டிலில் முட்டைக்காரர் குறட்டை விடுகிற மாதிரி பாவனை பண்ணினார். அந்த அறையில் ரகசியம் பேச அதுதான் ஏற்பாடு.

"யொங்வொல்காரி வந்தாளா?"

"வந்தா. படமும் பாத்தேன்."

அவன் கிண்ணத்தைத் தள்ளினான். "எல்லாம் ஞாபகம் இருக்கு புள்ள. அவன் ஒதுங்கி நின்னதைப் பாத்தேன். ஸ்டீயரிங்கை ஒடிச்சேன். பாரம் இழுத்துக்கிட்டுப் போயிருச்சு. ஒரு நடை மிச்சம் பண்ணலாம்னு நாலு அடுக்கு ஏத்தினேன்."

"சொல்லீருவமா?"

"சொல்லுவோம். ரெண்டு நாள் பொறு. நம்ம கோஸ் எறங்கட்டும். அப்புறம் நானே போன் பண்ணிச் சொல்றேன்."

"அதுக்குள்ள வெள்ளிக்கிழமை வந்துரும். அவுக கொல்லை கூழாயிரும்."

"ஆவட்டுமே! அவனுக்கு ரெண்டு காலு இருக்குல்ல? அடுத்த வருசம் நட்டுக்கிருவான்." குரல் உயர்ந்தது. சட்டென்று உடைந்தது. "நான் கால் இல்லாமக் கெடக்கேன். எனக்கு அதுகூட கிடையாதா?"

"எது?"

"ஊரு எம் பக்கம் இருக்கிறது."

அவளுக்கு அவன்மேல் பரிதாபமாக இருந்தது. அதே நேரம், அவன் தலையில் நங்கென்று ஒரு குட்டு வைக்கலாம் போலவும் இருந்தது. மீதிச் சோற்றை அவளே தின்றுவிட்டுப் பாத்திரத்தைக் கழுவப் போனாள்.

புதன்கிழமை முதல் பஸ்ஸில் யுன்சிம் ஊருக்கு ஏறினாள். மன்ஹோவைப் பார்த்துக்கொள்கிற பொறுப்பை முட்டைக்காரர் பெண்சாதி ஏற்றுக்கொண்டாள். வொன்ஜுவில் வேலை பார்க்கிற மகள் சோரா ஒரு வாரம் லீவு போட்டுவிட்டு முன்னாலேயே வந்து வீட்டில் இருந்தாள்.

கொல்லைமேடு முழுக்க மூடுபனி. பத்தடிக்கு அந்தப் பக்கம் ஆள் தெரியாது, கத்திச் சத்தம் மட்டும் கேட்கும். சரக், சரக் என்று வேரோடு ஒட்டின இடத்தில் வெட்டி, வெளியிலைகளைக் கிள்ளி எறிந்து, கோஸை வரப்பின்மேல் கவிழ்த்துப் போட்டுக்கொண்டே போனார்கள். பின்னால் வருகிறவர்கள் மும்மூன்றாக வலைப்பையில் திணித்துக் கட்டினார்கள். இருபது பேர் வந்திருந்தார்கள். இவ்வளவு பேர் இதுவரை எந்தக் கொல்லைக்கும் வந்ததில்லை. யுன்சிம் கத்தியை எடுத்ததும் நாலு பேர் ஓடி வந்து பிடுங்கினார்கள்.

"நீ உக்காரு மதினி. ஆஸ்பத்திரியில கெடந்து மூஞ்சி எப்படி வெளுத்துப் போச்சு பாரு."

"உக்காந்து உக்காந்துதான் செத்தேன், விடுங்கப்பா," என்று சொல்லிவிட்டு அவள் ஒரு வரிசையைப் பிடித்துக்கொண்டாள். குனிந்ததும் இடுப்பு அவளுடையதாகிவிட்டது. பன்னிரண்டு மணிவரைக்கும் ஒன்றையும் நினைக்காமல் வெட்டினாள். அந்தக் காலை நேரம் அப்படியே நீண்டுகொண்டு போனால் போதும் என்று இருந்தது.

மத்தியானம் பனி விலகி வெயில் சுள்ளென்று இறங்கியது. தார்ப்பாயை விரித்து எல்லாரும் வட்டமாக உட்கார்ந்தார்கள். சோரா மலைக்கீரை போட்டு வடித்த சோறு, பச்சை மிளகாயும் பயற்று விழுதும், முள்ளங்கியைக் காரத்தில் ஊறப்போட்ட கிம்சி, குளிர்ந்த அரிசிக்கள். எதிர்ச்சரிவில் தல்சுவின் கொல்லை தெரிந்தது. அதில் இரண்டே இரண்டு பேர் குனிந்திருந்தார்கள்.

"ரெண்டு பேரா வெட்டுனா தீருற கொல்லையா அது?" என்று ஒருத்தன் சிரித்தான். "வெட்டித்தான் என்ன செய்வான்? லாரி ஏது கீழ எறக்க? கொல்லையிலயே ஊறுகாய் போட வேண்டியதுதான்."

"மந்திரி காருல ஏத்திட்டுப் போவான்டா."

"போவான் போவான். எவன் எதுக்க வந்தாலும் இடிச்சுத் தள்ளிக்கிட்டே போவான்."

பன்சொக் கிண்ணத்தைக் கீழே வைத்தார். அறுபத்தைந்து வயசு, அந்த மலையிலேயே அதிகமாக லோடு இறக்கின ஆள். "காசு இருந்தா கொழுப்பும் வந்துருது. ரெண்டு ஹாரன் கேட்டு நிக்காதவன் நம்ம ஊர்க்காரனே இல்லை. மன்ஹோ நல்ல மனுசன். அவன் காலை வாங்கிட்டுத்தானே அந்த வண்டி நின்னுச்சு."

யுன்சிம் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். இப்போது வாயை மூடிக்கொண்டால் நாளைக்குச் சாயங்காலம் கொல்லை முழுதும் கீழே போய்விடும். சோரா லீவு முடிந்து திரும்பலாம். மன்ஹோ கேட்ட ஒன்றே ஒன்று அவனுக்குக் கிடைத்துவிடும். இரண்டு நாள்தான். அவள் எத்தனையோ விஷயத்தை இருபது வருஷம் வாயை மூடிக்கொண்டு தாங்கியிருக்கிறாள்.

"தல்சு நின்னுக்கிட்டு இருந்தாக," என்றாள்.

யாருக்கும் புரியவில்லை. அவள் மறுபடி சொன்னாள். "ஹாரன் கேட்டதும் பாறையோரம் ஒதுங்கி நின்னுட்டாக. எங்க வீட்டுக்காரருதான் நாலு அடுக்கு ஏத்திக்கிட்டு வந்து, நின்ன வண்டியில கொண்டு போய் விட்டுட்டாரு. படம் இருக்கு. நான் பாத்தேன். எங்க வீட்டுக்காரரும் ஆமான்னு ஒத்துக்கிட்டாரு."

"மதினி, தூக்கமில்லாம உனக்கு..."

"தூக்கமில்லைதான். கண்ணு நல்லாத்தான் தெரியுது."

"அப்புறம் ஏன் அவன் தன் தப்புன்னு சொன்னான்?" என்றார் பன்சொக்.

"ஒடம்புல ஒரு காயமில்லாம வெளிய வந்துட்டாகளே, அந்த வெக்கத்துல." அவளால் நிறுத்த முடியவில்லை. "எங்க வீட்டுக்காரரு அந்தப் பெரிய வண்டியில இருந்து, தல்சு நம்ம லாரியில வந்திருந்தா, இன்னைக்குத் தல்சு கால் இல்லாமக் கெடப்பாக. நீங்கெல்லாம் அந்தக் கொல்லையில உக்காந்து சோறு தின்னுக்கிட்டு எங்க வீட்டுக்காரரைத் திட்டிக்கிட்டு இருப்பீக. கால் போனவன் நல்லவன், கால் இருக்கிறவன் கெட்டவன். அம்புட்டுத்தானே? வண்டி கொடுத்த காயத்தை வச்சு ஆளை எடை போட்டுட்டோமே அண்ணே."

சோரா தாயின் கையைப் பிடித்து அழுத்தினாள். "ஏம்மா, இப்பவா?" என்று காதோடு கேட்டாள்.

பன்சொக்கின் முகம் கறுத்தது. "நாலு அடுக்கு ஏத்தாம நாங்க மட்டும் என்ன செய்றோம்? அகட்டித்தான் வளைக்கணும். நானும் அப்படித்தான் வளைக்கிறேன். இங்க உக்காந்திருக்கிற எல்லாருந்தான். அப்ப நாங்க எல்லாரும் தப்புங்குறியா?"

"நான் யாரையும் சொல்லலை. எங்க வீட்டுக்காரரைத்தான் சொன்னேன்."

"அதையேதான் சொல்ற."

அவர் எழுந்து தொப்பியை மாட்டிக்கொண்டார். "தின்னுட்டு வேலையைப் பாருங்கப்பா," என்றார்.

சாயங்காலம்வரை வேலை நடந்தது. பேச்சு இல்லை, பாட்டு இல்லை. மூன்று பங்கில் இரண்டு பங்கு லாரிகளில் ஏறிப் போனது. கடைசி லாரியில் ஏறும்போது பன்சொக் அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"நாளைக்கு என் கொல்லையில மருந்தடிக்கணும். மத்தவனுக்கும் சோலி இருக்கு."

மழைக்கு முந்தின நாள் எவனும் மருந்தடிக்க மாட்டான். அது அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். "சரிண்ணே," என்றாள்.

மறுநாள் வியாழக்கிழமை, மத்தியானப் பஸ்ஸில் இறங்கி அவள் ஆஸ்பத்திரிக்குத் திரும்பியபோது முட்டி ரூமில் யாரும் அவளோடு பேசவில்லை. முட்டைக்காரர்கூட ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். பன்சொக் போன் பண்ணியிருக்கிறார் என்று உடனே தெரிந்துவிட்டது. அந்த மனுஷன் போனில் பேசினால் கீழ்மாடிவரைக்கும் கேட்கும்.

அவள் கையைக் கழுவினாள். மன்ஹோவின் முகத்தைத் துடைத்தாள். அவன் துடைக்க விட்டான், ஆனால் கண்ணைத் திறக்கவில்லை. முதுகுக்கு அடியில் துண்டை மாற்றிப் போட்டாள். தலையணையைத் தட்டிப் போட்டாள். செய்ய இனி ஒன்றுமில்லை என்றானதும் பெஞ்சை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"ரெண்டு நாள்தானே கேட்டேன்," என்றான் மன்ஹோ.

"ஆமா."

"அதுகூட உன்னால முடியலை."

"முடியலை. வையிறதா இருந்தா வஞ்சுருங்க. நான் எங்கயும் போகலை, இங்கதான் இருப்பேன்."

அவன் வையவில்லை. வைவதற்கு வேண்டிய மூச்சு அவனிடம் இல்லை. கண்ணோரத்தில் வழிந்தது காதுக்குள் போனது. அவள் துடைத்தாள்.

"மிச்சம் எம்புட்டு நிக்குது?"

"மூணுல ஒரு பங்கு."

"நாளைக்கு மழை."

"இன்னைக்கு ராத்திரியே இறங்கிரும்போல. பஸ்ஸுல வரும்போது மலை உச்சி தெரியலை."

"இன்னைக்கு ஒருத்தனும் வரலையாக்கும்?"

"ஒருத்தரும் வரலை. நம்ம கொல்லைக்கும் வரலை, தல்சு கொல்லைக்கும் வரலை. பன்சொக் அண்ணனுக்கு எல்லார்மேலயும் கோவம்."

தாழ்வாரத்தில் சாப்பாட்டு வண்டி வந்துபோகிற சத்தம் கேட்டது. மன்ஹோ உதட்டை நனைத்துக்கொண்டு பேசினான்.

"தல்சுவோடது முழுசாவா நிக்குது?"

"ரெண்டு பேராச் சேந்து எம்புட்டு வெட்ட முடியும்? கால்வாசி வெட்டிப் போட்டிருந்தாக. அதுவும் கொல்லையிலயே கெடந்துச்சு."

"நம்மளுது ரெண்டு பங்கு போயிருச்சு. போதும்." நிறுத்தினான். அடுத்ததைச் சொல்ல அவனுக்குக் கஷ்டமாக இருந்தது. "சோராவுக்குப் போனைப் போடு. நம்ம கொல்லையை விட்டுட்டு அவன் கொல்லைக்குப் போகச் சொல்லு. ஒரு ஆளுன்னாலும் ஆளுதானே."

யுன்சிமுக்கு அதற்குமேல் தாங்கவில்லை. இருபத்தைந்து நாளாக அடக்கி வைத்திருந்தது மொத்தமும் ஒரே விம்மலில் வந்தது. முட்டைக்காரர் பெண்சாதி எழுந்து வரப் பார்த்தாள், முட்டைக்காரர் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

"விடியக்காலமே அங்க போயிட்டா," என்றாள் யுன்சிம், மூக்கைச் சிந்திக்கொண்டு. "நானும் மத்தியானம்வரைக்கும் அங்கதான் வெட்டுனேன். அங்கேருந்துதான் நேரா வர்றேன்."

மன்ஹோ தலையைத் திருப்பி அவளைப் பார்த்தான். இன்றைக்கு இப்போதுதான் பார்க்கிறான்.

"தல்சு என்ன சொன்னான்?"

"ஒண்ணும் சொல்லலை. என்னைக் கண்டதும் கத்தியைப் போட்டுட்டு வரப்புல உக்காந்து அழுதாக. அப்புறம் எந்திரிச்சு வெட்டுனாக."

"வெட்டி என்ன செய்றது? எறக்குறது யாரு?"

"சோராதான்."

அவன் முகம் மாறியது. முழங்கையை ஊன்றி எழப் பார்த்தான், கம்பி இழுத்ததும் பல்லைக் கடித்துக்கொண்டு விழுந்தான். "யாரு லாரியில? யாருகிட்ட லாரி வாங்குனா? ஏ புள்ள, என்ன வண்டியில எறக்குறா எம் பொண்ணு?"

"பதறாதீக. தல்சு வண்டியிலதான். பின் சீட்டையெல்லாம் மடக்கிப் போட்டுட்டு, தார்ப்பாயை விரிச்சு, ஒரு நடைக்கு நாப்பது வலை. உள்ள பூரா சேறு. யொங்வொல்காரி ஒரு வார்த்தை சொல்லலை. அவதான் சாவியைச் சோரா கையில கொடுத்தா."

மன்ஹோ மெதுவாகப் படுத்தான். மூச்சு வாங்கியது. வாங்கி அடங்கியது.

"அதுலயே ஓட்டட்டும்," என்றான். "எத்தனை நடையானாலும் அதுலயே ஓட்டச் சொல்லு."